பஹ்ரைன் வரை போய்த் திரும்பியது

ஜனவரி 9, வெள்ளி

காலையில் மூடுபனி. ஷார்ஜா முவைலாவில் எங்கள் ரூமுக்கு எதிர்க் கட்டடத்தின் மேல் பாதி மட்டும் தெரிந்தது. ஒன்பது மணிக்கு வெயில் வந்து எல்லாம் சரியாகிவிட்டது. நாளைக்கும் இப்படி இருந்தால்? இருக்காது.

சனிக்கிழமைக்கு லீவு கிடைத்தது. ஞாயிறு எப்படியும் ஆஃப். ஸ்டெல்லாவுக்கும் இன்று நைட் டியூட்டி முடிந்தால் இரண்டு நாள் ஓய்வு. அவள் ரோஸ்டரும் என் லீவும் சேர்ந்து வருவது அபூர்வம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே வீட்டில் இருந்ததெல்லாம் ஊருக்குப் போன லீவுகளில்தான். எனக்கு இங்கே லிஃப்ட் கம்பெனி, அவளுக்கு அங்கே பஹ்ரைனில் ஆஸ்பத்திரி. இங்கே நர்ஸ் எடுத்தபோது அவளுக்கு அங்கே காண்ட்ராக்ட். அது முடிந்தபோது இங்கே ஆள் எடுக்கவில்லை.

எடுத்து வைக்க: பாஸ்போர்ட். விசா பேப்பர். சார்ஜர். மரச்சீனிக் கிழங்கு சிப்ஸ். கைக்குப் போடும் கிரீம் (கழுவிக் கழுவி அவளுக்கு விரல் வெடிக்கிறதாம்). என் நீலச் சட்டை.

சட்டை அவள் கேட்டது. "தொவைக்காம கொண்டு வரணும், கேட்டியளா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு முடிந்ததும், "ஒரு காரியம் பேசணும். போன்ல வேண்டாம்" என்றாள். அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் ரூமுக்கு வந்தால் சட்டை கொடியில் தொங்குகிறது. அடுத்த கட்டில் முருகேசன், அரியலூர்க்காரன். "அண்ணே, ஊரு விட்டு ஊரு போறீங்களேன்னு அலசிப் போட்டேன். காலர்ல ஒரே அழுக்கு." என்ன சொல்ல. தேங்க்ஸ் சொன்னேன்.

ஜனவரி 10, சனி, ஷார்ஜா ஏர்போர்ட்

எழுதவே கை வரவில்லை. பஹ்ரைன் போய்விட்டு வந்தாயிற்று. ஆனால் இறங்கவில்லை.

காலையில் இங்கே பனி லேசாகத்தான் இருந்தது. விமானம் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது. சின்னப் பயணம், கேம்ப் பஸ்ஸில் துபாய் சைட்டுக்குப் போக இதைவிட நேரம் ஆகும். எனக்கு ஜன்னல் சீட். பக்கத்தில் அந்தோணி என்று ஒருவர், பஹ்ரைனில் மீன்பிடிக்கிறவர், எங்கள் கடற்கரைக்காரர். அஜ்மானில் தம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். ஊர் எது, எந்தக் கோயில் பங்கு, யார் மகன் என்று கேட்டு முடிப்பதற்குள் இறங்கப்போவதாக அறிவிப்பு. பெல்ட்டைப் போட்டேன். தலை சீவிக்கொண்டேன், வெட்கம்தான்.

இறங்கவில்லை. சாய்ந்து ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. கீழே பஞ்சு விரித்தாற்போல வெள்ளை. அதற்கு மேலே உயரமான கட்டடங்களின் தலை மட்டும் நின்றது. ஒரு இடத்தில் பனி விலகி, கொஞ்சம் ரோடு, ஒரு வெள்ளைக் கார், ஈச்சமரங்கள். கார் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டே. அங்கேதான் எங்கோ அவள், நைட் டியூட்டி முடித்து, உறங்காமல், வெளியே வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு. கண்ணாடியில் நெற்றியை வைத்தேன். பனி மறுபடி மூடிக்கொண்டது.

பைலட் ஏதோ சொன்னார். 'ஷார்ஜா' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

"திரும்புதாம் மக்களே" என்றார் அந்தோணி.

"வேற எங்கயாவது எறக்கக் கூடாதா?"

"எறக்கி? அங்க ஆரு இருக்கா ஒனக்கு?"

 என் கையை ஒருமுறை தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். 

ஷார்ஜாவில் சக்கரம் தரையில் பட்டதும் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க நிக்கிய? வெளிய வந்தாச்சா?"

"ஷார்ஜாவுல."

"ஏறவே இல்லியா?"

"ஏறினேன். வந்தேன். திரும்பிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள்.  அவள் பக்கத்தில் யாரையோ யாரோ கட்டிப்பிடித்து அழும் சத்தம் கேட்டது.

"நீ ஹாஸ்டலுக்குப் போய் ஒறங்கு பிள்ளே. கிளம்பும்போது கூப்பிடுறேன்."

"நான் போவல்ல. இங்கயே இருக்கேன்."

மதியத்துக்குப் பிறகுதான் அடுத்தது என்கிறார்கள். கவுண்டரில் ஒரே கூச்சல். "கலாஸ் பாய், வெயிட் கரோ", முடிந்தது, காத்திரு என்று ஒரு பையன் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறான். அந்தோணி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். பாதி நாள் போயிற்று. என்ன காரியம் அது, போனில் சொல்ல முடியாத காரியம். உடம்புக்கு ஏதாவதா? ஒரு நர்ஸ் தன் உடம்பை மறைத்தால் யாரால் கண்டுபிடிக்க முடியும்?

ஜனவரி 11, ஞாயிறு, திரும்பும் விமானம்

வானம் சுத்தமாக இருக்கிறது. இன்றைக்கு என்ன பிரயோஜனம்.

நேற்று மாலை பஹ்ரைனில் இறங்கினேன். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். எழுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் எதிரே நின்றேன். பிறகு, உள்ள நேரமும் போகிறதே என்று எழுப்பினேன். "வந்துட்டியளா" என்று கேட்டாள், நான் கடைக்குப் போய் வந்தது போல.

ஹாஸ்டலுக்குள் ஆண்கள் போகக்கூடாது, புருஷனானாலும். அவளோடு வேலை செய்யும் ஷைனி குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவள் ஃபிளாட் சாவி எங்களிடம். யாரோ ஒருவருடைய சோபா, யாரோ பிள்ளைகளின் போட்டோ. ஸ்டெல்லா மீன் கறி வைத்தாள். உப்பு எங்கே, மஞ்சள் எங்கே என்று தேடித் தேடி. நான் வெங்காயம் உரித்தேன். இதுதான் எனக்கு வேண்டியது. இவ்வளவுதான். 

சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள்.

"இது சோப்பு மணமில்லா?"

"முருகேசன் தொவைச்சிட்டான்."

"நல்ல பையன்" என்றாள். மடித்து அவள் பையில் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது, திரும்பாமலேயே சொன்னாள். அயர்லாந்தில் வேலை. இன்டர்வியூ பாஸ். அதற்கான இங்கிலீஷ் பரீட்சை எழுதியதையே என்னிடம் சொல்லவில்லை. தோற்றால் வெட்கம் என்று. திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று முதலில் ஒரு நிம்மதி. அது அடங்கும் முன்பே அயர்லாந்தின் தூரம் வந்து உட்கார்ந்தது.

"கொஞ்ச நாள் கழிச்சு ஒங்களயும் அங்க எடுக்கலாம். பொறவு ஒரே வீட்டுல இருக்கலாம். நமக்கும் ஒரு பிள்ளை வேண்டாமா?"

"கொஞ்ச நாள்னா?"

"தெரியல்ல. அங்க விசா குடுக்கவங்க சொன்னாத்தான்." கொஞ்சம் கழித்து, "வேண்டாம்னு சொல்லுங்க, விட்டுருவேன். மனசுல ஒண்ணும் வைக்க மாட்டேன்."

கழுவிய பாத்திரங்களை நான் துடைத்து அடுக்கினேன். உறங்கிவிட்டதாக இருவரும் நடித்தோம்.

காலையில் முஹர்ரக்கில் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் நடந்தோம். விமானங்கள் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தன. டீக்கடையில் நின்றோம். அவள் கேட்டாள்:

"ஒண்ணுமே சொல்லல்லியே."

"போ."

"மனசோடயா சொல்லுதிய?"

"மனசு வரல்ல. ஆனா போ. வேண்டாம்னு சொன்னா இதே ரெண்டு ஏர்போர்ட்டுலதான் நமக்கு வயசாவும்."

டீயைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். நான் கோப்பையை வாங்கிக்கொண்டேன். 

"அங்க லிஃப்ட் வேலை கிடைக்குமா?" என்றேன்.

"மாடி இருக்கும்லா" என்றாள்.

இப்போது கீழே தீவு முழுதும் தெரிகிறது. உள்ளங்கை அளவு. அவள் ஹாஸ்டல் எந்தப் பக்கம் என்று தேடினேன், தெரியவில்லை. இந்தக் கடலை இவ்வளவு நாள் தூரம் என்று நினைத்தேன். இனி இந்தக் கொஞ்ச தூரத்தை நினைத்து ஏங்க வேண்டியிருக்கும்.

ஜனவரி 12, திங்கள்

நஹ்தாவில் ஒரு கட்டடம். லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஒரு அம்மாவும் பிள்ளையும். "ஜல்தி பாய், ஜல்தி" என்று சூப்பர்வைசர். திறந்தோம். பிள்ளை அழவில்லை, அம்மாதான் அழுதாள்.

மதியம் ஸ்டெல்லா மெசேஜ்: 'அனுப்பிட்டேன்.'

'நல்லது' என்று போட்டேன். வேறு என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன்.

பல் வலி. டாக்டரிடம் போக வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

காற்று. மணல். ஜன்னல் இடுக்கில் நியூஸ்பேப்பர் செருகினோம். முருகேசன் முருங்கைக்கீரை சமைத்தான், கருகியது.

ஸ்டெல்லா கூப்பிட்டாள். குரலில் ஒரு தயக்கம்.

"ஒரு காரியம் கேக்கட்டா?"

"இன்னொண்ணா?"

"இங்க நோட்டீஸ் முடிஞ்சதும் அங்க ஜாயின் பண்ண நடுவுல கொஞ்ச நாள் இருக்கு. எல்லாரும் ஊருக்குப் போன்னு சொல்லுதாவ. நான் அங்க வரட்டா? விசிட் விசாவுல. நீங்க டியூட்டிக்குப் போங்க. நான் சோறு வச்சிட்டு இருக்கேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் ரூமைச் சுற்றிப் பார்த்தேன். ஆறு கட்டில். இரண்டிரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று.

"வா" என்றேன்.

முருகேசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "அண்ணே, அஜ்மான்ல ரூம் பாருங்க. அங்கதான் நமக்குக் கட்டுப்படியாகும்."

ஜனவரி 18, ஞாயிறு

காலையிலிருந்து அஜ்மானில் அலைச்சல். முதல் இடம் பலகை வைத்து அடைத்த இடம், பக்கத்து ஆள் இருமுவது காதுக்குள் கேட்கும். வேண்டாம். இரண்டாவது வீட்டில் சமைக்கக் கூடாதாம். அப்புறம் எதற்கு வீடு?

மூன்றாவது, பழைய கட்டடம், நாலாவது மாடி. லிஃப்ட் சத்தம் போடுகிறது. கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு அறை, ஒரு சின்ன அடுப்படி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர், சாய்ந்து பார்த்தால் ஒரு துண்டு ரோடு. அடுப்படியில் நின்று பார்த்தேன். இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்வோம். நல்லது.

வாட்ச்மேன், பெஷாவர்க்கார வயசாளி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தக் கட்டடத்தில் தனி ஆண்களுக்கு ரூம் கொடுப்பதில்லையாம்.

"பேச்சலர் மாஃபி, பாய். தும் அகேலா?" நீ தனி ஆளா என்கிறார்.

"இல்ல" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு சொன்னேன்: "ஃபேமிலி."