அப்பா டிக்கி அடுக்கிய அழகு

மாளியா கேஸ் பங்க்
வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால்

அன்பு மகள் உர்விக்கு,

மொம்பாசாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நானும் சுகம் என்று வழக்கம்போல் எழுதிவிடலாம்தான், ஆனால் உட்கார்ந்திருக்கிற இடம் அப்படி. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கேஸ் பங்க், அதன் ஆபீஸ் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, என் மடியில் உன் அத்தை மகள் கிஞ்சலின் கல்யாணப் புடவை. உன் அப்பா என்னை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டு இறக்கிவிடவில்லை, மறந்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் போலிருக்கிறது, அதனால் மேனேஜரிடம் நாலு தாள் வாங்கி உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

சின்ன வண்டி வாங்கியிருக்கிறோம், நைரோபி வரை போகவேண்டும், டிக்கியில் ஒன்றும் கொள்ளவில்லை, எப்படி அடுக்குவது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல் என்றாயே, அவர் அடுக்கிய அழகைக் கேள். நம் வண்டியில் டிக்கி என்பது பேருக்குத்தான். பாதி இடத்தை வண்டி ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் படுத்து அடைத்துக்கொண்டிருக்கிறது, மீதியில் ஒரு குடமும் குக்கரும் வைத்தால் கதவு மூடாது. கிஞ்சலுக்குத் தாய்மாமன் சீர் என்றால் கொஞ்சமா, புடவைகள், பாத்திரங்கள், பஞ்சு ரஜாய்ப் போர்வை இரண்டு, பெரிய டப்பா நிறைய மோகன்தால் இனிப்பு. ஒரு டெம்போ வைத்துக்கொள்ளலாம் என்றேன். முப்பது வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்தவர் காதில் அது ஏறுமா. “பெட்டியோட ஏத்தறவன் காத்தைத்தான் ஏத்தறான்” என்று சொல்லி அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். சூட்கேஸ் கூடவே கூடாதாம், துணிப்பைதான் மூலைமுடுக்கில் நெளிந்து உட்காருமாம். குடத்துக்குள் தம்ளர், தம்ளருக்குள் கரண்டி, கரண்டி ஆடாமலிருக்க என் ரவிக்கைகள். ஸ்டெப்னி டயரின் குழிக்குள் காக்ரா ரொட்டிப் பொட்டலங்கள். சிலிண்டருக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் பூரிக்கட்டை. அதுவரை அவர் மூளையை மெச்சிக்கொண்டுதான் நின்றேன். பிறகு சீர்ப் புடவைகளை எடுத்துப் பாய் மாதிரி சுருட்டிக் குக்கருக்குள் திணித்தாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சீர்ப் புடவை மடிப்புக் கலையாமல் தட்டில் போய் இறங்க வேண்டாமா. கடைசியில் பானேதருக்கும் கை நீட்டினார். தாய்மாமன் கொடுக்கிற பானேதரை உடுத்திக்கொண்டுதானே பெண் மணவறைக்கு வருவாள், அந்த வெள்ளைப் பட்டையும் சிவப்புக் கரையையும் குக்கருக்குள்ளா போடுவது, இதை நான் மடியை விட்டு இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “அப்போ நீயும் உன் மடியும் எங்கே கொள்ளுதோ அங்கே உக்காரு” என்றார்.

கொண்ட இடத்தையும் கேள். முன் சீட் மோகன்தாலுக்கு. ஏசி காற்று படாவிட்டால் நெய் விட்டுவிடுமாம், அதற்கு சீட் பெல்ட் வேறு போட்டுவிட்டார். எனக்கு அவர் முதுகுக்கு நேர் பின்னால் ஒரு ஆள் அகலம். என் பக்கத்தில் ரஜாய் மூட்டை கூரை வரை. கண்ணாடியில் பார்த்தால் அவருக்கு மூட்டைதான் தெரியும், பெண்டாட்டி தெரியமாட்டாள். ராஜ்கோட்டிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே கேஸ் போட நிறுத்தினோம். கேஸ் போடும்போது எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்கவேண்டும் என்பது உனக்குத் தெரியாததில்லை. வரிசை நீளமாக இருந்தது, நான் புடவையோடு இறங்கி அந்தப் பக்கம் பாத்ரூம் போனேன், வந்து பார்த்தால் வண்டி சாலையில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. கத்தினேன், கையை ஆட்டினேன். பின்கண்ணாடியை மறைத்து அடுக்கியவருக்கு எங்கே தெரியும். போன் என் பையில், பை அவரோடு. தீபாவளிக்கு அவர் மாற்றிய புது நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, பேரைத் தொட்டுத்தானே பேசுகிறோம். எனக்குத் தெரிந்தது வீட்டு நம்பர் ஒன்றுதான், அது பூட்டிய வீட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் தங்கமான மனுஷர். “கவலைப்படாதீங்கம்மா, மாசத்துக்கு ஒருத்தரையாவது இங்கே விட்டுட்டுத்தான் போறாங்க, இதுவரைக்கும் யாரும் இங்கேயே குடியிருந்துடல” என்று சொல்லி டீ வரவழைத்தார். டீ ஆறிப்போய் அப்படியே இருக்கிறது.

அப்பா திரும்பி வருவார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் பயம் கிஞ்சலின் அம்மாவை, உன் முக்தா அத்தையை நினைத்துத்தான். அவளும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், முழுசாகச் சொல்கிறேன். உன் பாட்டி கடைசியாகப் படுத்திருந்தபோது, அம்மாவை பசாவுக்கு, என் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று முக்தா வந்து நின்றாள். நான் நாலு மாசமாகத் தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவள். ரெண்டு நாள் வந்து தலையைத் தடவிட்டுப் போறவங்களுக்குப் பாசம் ரொம்ப சுலபம் என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள், அடுத்த வாரம் பாட்டி கண்ணை மூடிவிட்டாள். சொன்னது தப்பு என்று சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும் உர்வி, ஆனால் அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு அழைக்கும்போதுகூட உன் அப்பாவிடம் “அண்ணா, நீ வந்துடு” என்றாளாம், அவ்வளவுதான். அண்ணி என்று ஒரு சொல் இல்லை. என்னை அழைத்திருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே கிளம்பினேன். வழியெல்லாம் பேசாமல் வந்தது கோபத்தால் மட்டுமில்லை, அவளைப் பார்த்ததும் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது சீர் போய் இறங்கியிருக்கும், நானும் இல்லை, பானேதரும் இல்லை. மூன்று மணிக்கு சீர் கொடுக்கவேண்டும். கல்யாணத்தன்றுகூட வேண்டுமென்றே பண்ணினாள் என்றுதானே நினைப்பாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பஸ் ஏறிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன், நான் போன பிறகு இவர் இங்கே வந்து தேடினால் என்ன பண்ணுவது என்று திரும்பவும் உட்கார்ந்தேன். பசாவு போகிற வழியில் சூரஜ்பாரி பாலத்தில் லாரிகள் நகராமல் நிற்கின்றன என்று டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். மணி பன்னிரண்டு அடிக்கப்போகிறது. வெள்ளையாக ஒரு வண்டி வந்தால் போதும், வாசலுக்கு ஓடுகிறேன். மேனேஜரும் என்னோடு எழுந்து எழுந்து உட்கார்ந்து களைத்துவிட்டார்.

பசாவு, ஞாயிற்றுக்கிழமை காலை

பாதியில் விட்டேன், மேலே எழுதுகிறேன். பன்னிரண்டேகாலுக்கு வண்டி வந்தது. அப்பா முகத்தில் ரத்தம் இல்லை. வழியில் இரண்டு தடவை “தண்ணி வேணுமா” என்று கேட்டாராம், பதில் வராததால் நான் இன்னும் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து மேலே கேட்கவில்லையாம். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தின் லட்சணம் பார். அத்தை வீட்டு வாசலில் டோல் மேளம் அடித்து, பெண்கள் பாடிக்கொண்டு, முக்தா ஆரத்தித் தட்டோடு நிற்கும்போது இவர் பெரிய மனுஷராகப் பின்கதவைத் திறந்தாராம். ரஜாய் மூட்டை உருண்டு அவர் காலில் விழுந்ததாம். மூட்டைக்கு அடியில் இருப்பேன் என்று அதைப் புரட்டிப் பார்த்தாராம், ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க.

முன் சீட்டிலிருந்து இறங்கியது முக்தா. கல்யாணப் பெண்ணின் அம்மா, பட்டுப் புடவையில், நெற்றியில் குங்குமம் வியர்வையில் வழிய, அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். சீரையெல்லாம் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தார்களாம். என்னைப் பார்த்ததும், “அண்ணி, அந்தச் சாமானை நான் இன்னும் தொடல. நீங்க வந்து எடுத்துக் குடுத்தாத்தான் வாங்குவேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றாள். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை. முக்தா, அன்னிக்கு நான், என்று ஆரம்பித்தேன். “முதல்ல வண்டியில ஏறுங்க, நேரமாச்சு. சண்டையை நாளைக்கு வச்சுக்கலாம்” என்று என் கையைப் பிடித்து ஏற்றினாள். கொஞ்ச தூரம் போன பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “உங்களைக் கூப்பிட எனக்கும் வாய் வரல. அண்ணனைக் கூப்பிட்டா நீங்களும் வந்துடுவீங்கன்னு இருந்துட்டேன்” என்றாள். இரண்டு பேரும் அழுதோம், அப்பா ஒன்றும் தெரியாதவர்போல் ஓட்டினார். பாலத்தில் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து, இரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிஞ்சல் பானேதரில் நன்றாக இருந்தாள்.

உன் அப்பா உனக்கு டிக்கி அடுக்குவது பற்றி படம் போட்டு மூன்று பக்கம் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார். பெட்டியைப் பிரிப்பது, துணிப்பை, குடத்துக்குள் தம்ளர், இதெல்லாம் எடுத்துக்கொள். கூரை வரை அடுக்குவதை மட்டும் விட்டுவிடு, கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல் மாப்பிள்ளையிடம். குழந்தைக்கு வழியில் மோர் கொடு, வெயிலில் வண்டியை நிறுத்தாதே. நீங்கள் மூவரும் போகிற வழியெல்லாம் பத்திரமாகப் போய் வர அம்பா மாதா துணையிருக்கட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்குப் பங்க்கிலிருந்து போகும்போது வண்டி முழுக்கக் காலி, பின் சீட்டில் தாராளமாக மூன்று பேர் உட்காரலாம். உன் அத்தை என் தோளோடு தோளாக ஒட்டித்தான் உட்கார்ந்தாள், பசாவு வரை நகரவில்லை. நானும் நகரச் சொல்லவில்லை.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா கைலாஸ்