களவு போகாத மெட்டு

நவம்பர் 3, வியாழன்

மழை. குடை பஸ்ஸோடு போய்விட்டது. இந்த நாட்டுக்கு வந்தபின் நான் பஸ்களுக்குத் தானம் செய்த குடைகளை நட்டு வைத்திருந்தால் எங்கள் லண்டன் ஆர்ச்வே இன்று ஒரு தோப்பு.

செய்ய வேண்டியவை:
– மாத இதழுக்கு நகைச்சுவைப் பத்தி. (கைவசம் நகைச்சுவை: இல்லை.)
– குளியலறைக் குழாய்.
– குடை விஷயத்தை மனைவி மலரிடம் சொல்வது. அல்லது சொல்லாமல் விடுவது.

பின்னேரம் மேலே தட்டு. மேல்மாடிக் கிழவர் திபோர் (இனி தி.) கைத்தடியால் தன் தரையைத் தட்டினால், கீழே எங்கள் சத்தம் கூடிவிட்டது என்று பொருள். மலர் கடுகு வெடிக்க விட்டாலும் தட்டு. நான் தும்மினாலும் தட்டு. இன்று நாங்கள் ஒரு சத்தமும் போடவில்லை. விழுந்துவிட்டாரோ என்று ஏறி ஓடினேன்.

விழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கடிதம். ஹங்கேரியில் சினிமா பேசத் தொடங்கிய புதிதில் புடாபெஸ்டில் ஒரு படத்துக்கு இசையமைத்தாராம். பிரதி அழிந்துபோயிற்று என்று நினைத்திருந்தது. எங்கோ ஒரு கிடங்கில் அகப்பட்டு, இங்கே ஒரு சினிமாக் கழகம் 19ஆம் தேதி காட்டுகிறதாம். இவரும் வர வேண்டுமாம்.

எட்டு வருடமாக இந்த மனிதரின் காலடியில் குடியிருக்கிறோம். ஓய்வு பெற்ற பியானோ வாத்தியார் என்று மட்டும் தெரியும். லண்டன் தமிழரின் வம்பெல்லாம் என் விரல்நுனியில் என்று எனக்கு ஒரு பெயர். என் கூரைக்கு மேல் இருந்த வம்பு தெரியவில்லை. வெட்கம்.

நவம்பர் 5, சனி

வெள்ளைக்காரரின் வெடித் திருநாள். வெளியே வெடி, புகை. மலர் கொடுத்த ரசத்தோடு மேலே போனேன். தி. ரசத்தை மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக் குடித்தார். பிறகு கதை.

கமராவின் இரைச்சல் வெளியே வராதிருக்க, மெத்தை அடித்த பெட்டிக்குள் அதைப் பூட்டுவார்களாம். கமராக்காரரையும் சேர்த்து. வெளியே வரும்போது அவர் அவித்த உருளைக்கிழங்கு. பகலில் ஹங்கேரியப் படம். மாலையில் அதே மேசை, அதே கோப்பை, வேறு நடிகர்கள், அதே கதை ஜெர்மன் மொழியில். பாட்டைப் பிறகு ஒட்டும் வித்தை அப்போது அங்கே வரவில்லை. நடிகை பாடும்போதே வாத்தியக்காரர் கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருந்து வாசிக்க வேண்டும். தி.க்கு அப்போது இருபத்து நாலு வயது. ஓர் அலுமாரிக்குப் பின்னால் முழங்காலில் நின்று வாத்தியக்காரருக்குக் கைகாட்டினாராம்.

எங்கள் முதல் பேசும்படங்களிலும் இப்படித்தான், நாயகி சோலையில் பாடிக்கொண்டு போக ஆர்மோனியக்காரர் மரத்தில் இருந்தாராம் என்று சொன்னேன். தி. பல்செட் நழுவச் சிரித்தார். பதினொரு வருடமாக நகைச்சுவை எழுதுகிறேன், என் கண்முன்னே ஒருவர் சிரித்தது இதுதான் முதல். அதுவும் எழுதாததற்கு.

அவர் அந்தப் படத்தை ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வெளியாகுமுன் ஜெர்மன் பாட்டு வேலைக்காக பெர்லினுக்கு ரயிலேற்றி விட்டார்கள். அங்கிருந்து பாரிஸ், பிறகு லண்டன். திரும்பிப் போகும்படியாக நிலைமை இருக்கவில்லை.

"பாட்டு நன்றாகப் போனது என்று தயாரிப்பாளர் எழுதினார்," என்றார். "தயாரிப்பாளர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். எங்கள் தொழிலில் ஒரே பரீட்சைதான், மிஸ்டர் கணேஷ். படம் முடிந்து ஜனங்கள் கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்க வரிசையில் நிற்பார்கள் அல்லவா? அந்த வரிசையில் யாராவது தன்னை அறியாமல் மெட்டை முணுமுணுக்க வேண்டும். முணுமுணுத்தால் பாஸ். நான் அந்த வரிசையைப் பார்க்கவில்லை."

ஆனால் போக மாட்டாராம். "எட்டுப் பேர் வருவார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்."

மண்டபத்தை நான் நிரப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏன் சொன்னேன்? என் பிள்ளையின் பிறந்தநாளுக்கே ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

நவம்பர் 6, ஞாயிறு

வெம்பிளி. சின்னத்துரை அண்ணை கடை: முருங்கைக்காய், மாசிக் கருவாடு, தமிழ்ப் பாட்டுக் கசெட். லண்டனில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் அங்கே சொன்னால் போதும், அச்சடிக்கத் தேவையில்லை.

"ஹங்கேரிப் படமோ?" என்றார் அண்ணை, வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே. "சண்டை இருக்கோ?"

"இல்லை."

"எங்கட ஆட்கள் ஆரும் நடிக்கினமோ?"

"இல்லை அண்ணை. அது ஐம்பது அறுபது வருசத்துப் படம்."

"அப்ப உமக்கு என்ன விசரே? சனிக்கிழமை ஆர் கடையைப் பூட்டிப்போட்டு வாறது?"

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து நழுவியது. யோசித்துச் சொல்லவில்லை. வாய்தான் சொல்லிற்று.

"எங்கட பழைய தமிழ்ப் பாட்டு ஒண்டு இதிலயிருந்துதான் களவெடுத்ததாம்."

வெண்டிக்காய் கூடையில் விழுந்தது.

"எந்தப் பாட்டு?"

"அதை நான் சொல்லமாட்டன். வந்து கேட்டுப் பாருங்கோ."

நவம்பர் 11, வெள்ளி

கோயில். கந்தசஷ்டி தொடங்கி இரண்டாம் நாள். விரதகாரர் வாய்க்குள் சோறு போகாததால் கதை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. என் பொய் எனக்கு முன்னமே வந்து திருநீறு பூசி உட்கார்ந்திருக்கிறது.

தூணடியில் கேட்டது:

"ஒரு பாட்டில்லையாம், மூண்டாம்."

"கிழவன் வழக்குப் போடப் போறாராம்."

"ஆர் சொன்னது?"

"கணேசலிங்கம் சொன்னதாம்."

"அப்ப பாதியைக் கழிச்சுப் போட்டுக் கேக்க வேணும்."

என் பேச்சில் பாதியைக் கழித்தவருக்கு முருகன் அருள் புரிக. மண்டபம் மட்டும் கழியாமல் இருந்தால் சரி.

நவம்பர் 13, ஞாயிறு

பத்தி எழுதவில்லை. குழாய் சொட்டுகிறது. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் உட்கார.

லண்டனின் மறுகோடி சட்டனிலிருந்து டாக்டர் ரகுராமன் நேரில் வந்துவிட்டார். தமிழ்நாட்டுக்காரர், எலும்பு டாக்டர், பழைய பாட்டில் பித்து. "சார், எனக்கு நாலு பாட்டு மேல சந்தேகம் இருக்கு. அந்தப் பெரியவரை ஒரு தடவை பாத்துக் கும்பிட்டுப் போயிடறேன்," என்று படியேறினார். தடுக்க முயன்றேன். எலும்பு டாக்டரைத் தடுக்க ஏலாது. எங்கே பிடித்தால் விடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

இறங்கி வரும்போது டாக்டர் கண்ணில் ஈரம். பின்னாலேயே தி., கைப்பிடியைப் பிடித்தபடி, முதல் தடவையாக எங்கள் வாசல்வரை.

"மிஸ்டர் கணேஷ். மெட்ராஸில் என் மெட்டைப் பாடுகிறார்களாமே? ஏன் நீங்கள் சொல்லவில்லை?"

கோபம் என்று நினைத்தேன். இல்லை. மனிதர் மினுங்கினார். களவு போனதற்கு இப்படிச் சந்தோஷப்படும் ஆளை நான் கண்டதில்லை. "எடுக்கத் தகுந்ததைத்தானே எடுப்பார்கள்," என்றார். படத்துக்கு வருகிறாராம். கழுத்துப் பட்டியை இஸ்திரிப் பெட்டி போட்டுத் தர முடியுமா என்று மலரிடம் கேட்டார்.

அவர் போனபின் மலர் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டே: "உண்மையிலே களவெடுத்ததோ?"

"அப்பிடித்தான் கதைக்கினம்."

"ஆர் கதைக்கினம்?"

குழாயைத் திருத்தப் போனேன். இப்போது கூடுதலாகச் சொட்டுகிறது.

நவம்பர் 19, சனி

குளிர், காற்று. வெம்பிளியிலிருந்து இரண்டு வான் வண்டிகள். பற்றீஸ் பலகாரப் பெட்டியோடு குடும்பங்கள். சினிமாக் கழகத்து வெள்ளைக்காரர்கள் தாங்கள்தான் தவறான மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரம் நின்று பார்த்தவர்களும் உண்டு. தி. முன்வரிசையில், பெட்டி போட்ட பட்டியுடன். என்னையும் மலரையும் சேர்த்து எங்கள் எல்லாரையும் திரும்பித் திரும்பி எண்ணினார்.

கதை: காப்பிக் கடையில் காசு வாங்கும் பெண், வாடகை கொடுக்காத குடித்தனக்காரன், ஆள்மாறாட்டம். எல்லாரும் கொஞ்சம் கத்தித்தான் பேசுகிறார்கள், மைக்கை நம்பாததுபோல். கடை பூட்டும் நேரத்தில் அவள் மேசைகள்மேல் கதிரைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பாடுகிறாள். அதுதான் பாட்டு. அவளுக்குப் பின்னால் ஓர் அலுமாரி. மண்டபம் முழுவதும் அவளைப் பார்த்தது, நான் அலுமாரியைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் இருபத்து நாலு வயது. முன்வரிசையில் எண்பத்தொன்று, அவர் திரைக்கு முதுகு காட்டி எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது அடியிலேயே டாக்டர்: "மோகனம் சார், சந்தேகமே இல்லை."

சின்னத்துரை அண்ணை: "பொத்தும் வாயை, எனக்குப் பாட்டு வருது."

படம் முடிந்தது. கைதட்டல் அமோகம். தி. எல்லாருக்கும் முந்தி எழுந்து, கோட் கொடுக்கும் இடத்தில் தூணோடு ஒட்டி நின்றார். காதில் இருந்த கேட்கும் கருவியைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார்.

வரிசை வந்தது. கடவுளே, எங்கள் வரிசை.

"இதுதான் அந்தப் பாட்டு," என்று டாக்டர் ஒன்றைப் பாடிக் காட்டினார். "சும்மா இரும், அதில்லை இது," என்று அண்ணை இன்னொன்று. ஆர்ச்வே கோஷ்டி மூன்றாவதை எடுத்தது. ஒருவர் பற்றீஸ் வாயோடு நாலாவது. அவரவர் பாட்டை அவரவர் உரத்துப் பாடி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, அவ்வளவும் தமிழ்ப் பாட்டு. அந்தக் காப்பிக் கடைக்காரியின் மெட்டில் ஒரு துண்டுகூட எவர் வாயிலும் இல்லை.

மண்டபத்தை நிரப்பியது என் பொய். வரிசையை நிரப்பியதும் அதுவே.

தி. காதை எங்கள் பக்கம் சாய்த்து நின்றார். நெடுநேரம். பிறகு என்னிடம், மெதுவாக: "இதில் எது என்னுடையது?"

நவம்பர் 20, ஞாயிறு

அண்ணை, தான் பிடிவாதமாகச் சொன்ன தமிழ்ப் பாட்டைக் கசெட்டில் கொடுத்துவிட்டிருந்தார். மேலே தன் கையெழுத்தில் 'ஹங்கேரிப் பாட்டு'. இதுவரை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்களாம், படியெடுத்துக் கட்டுப்படியாகவில்லையாம்.

மேலே கொண்டுபோனேன். போகாமல் இருந்திருக்கலாம். கால் தானாக ஏறிற்று. அன்று வாய், இன்று கால்.

தி. தலை குனிந்து முழுப் பாட்டையும் கேட்டார்.

"நல்ல மெட்டு. என்னுடையது இல்லை."

"வேறு மூன்று இருக்கிறது," என்றேன்.

"அவையும் இல்லைதானே?"

"இல்லை."

"மெட்ராஸில் யாரும் எடுக்கவில்லை."

"இல்லை. கதிரைகளை நிரப்ப நான் சொன்னது."

கசெட்டை எடுத்துப் பெட்டியில் போட்டு, மூடி, என்னிடம் நீட்டினார். "கதிரைகள் நிரம்பின," என்றார். "கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போங்கள்."

நவம்பர் 24, வியாழன்

நாலு நாளாகத் தட்டு இல்லை.

திங்கள் மலர் மிளகாய் இடித்தாள். தட்டு இல்லை. செவ்வாய் நான் வேண்டுமென்றே தும்மினேன், மூன்றாம் வீட்டுக்குக் கேட்கத் தும்மினேன். இல்லை. நேற்று சட்டியைக் கைதவறியதுபோல் போட்டேன். மலர்தான் கத்தினாள்.

"உயிரோட இருக்கிறாரோ எண்டு பாக்கத்தான்," என்றேன்.

"இருக்கிறார். காலமை பால் எடுக்கக் கண்டனான். அந்தாளை விடுங்கோ. நீங்கள் செய்த வேலைக்குத் தடியால தரையைத் தட்டக்கூடாது, உங்களைத் தட்டவேணும்."

அவளுக்கு எல்லாம் தெரியும். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாளாம். படம் எப்படி என்று இன்றுதான் கேட்டேன். "அந்தப் பெட்டையின்ர கவுண் வடிவு. கதிரையெல்லாம் தனிய அடுக்க விட்டிட்டாங்கள், பாவம்." அவள் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் அதே வேலை செய்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

பத்தி: இந்தக் கதையை எழுதினால் பிரமாதமாக வரும். ஒரு பக்கம் எழுதினேன். சிரிப்பாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். குழாயைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 27, ஞாயிறு

பனி போல ஏதோ. பனி இல்லை. மலருக்கு ஷிப்ட் இல்லாத நாள். தட்டு இல்லை, ஏழாம் நாளாக. மேலே போய் மன்னிப்புக் கேட்க நாலு படி ஏறினேன், இறங்கினேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து மலர் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் பேப்பருக்குள். ஏதோ முணுமுணுத்தாள். சொல் இல்லை, லாலாலா. ஒரு நீளம் இழுத்து, ஒரு சின்ன இறக்கம், மறுபடி ஏற்றம். தமிழ்ப் பாட்டு இல்லை. பேப்பரை இறக்கினேன். கதிரைகளைக் கவிழ்த்துக்கொண்டு போகும் பெண் தெரிந்தாள்.

"மலர், என்ன பாட்டு அது?"

"எது?"

"இப்ப பாடினது."

"நான் எங்க பாடினனான்? வேலைத்தலத்தில கதிரை அடுக்கேக்கையும் இதுதான் வருது. எனக்கென்ன தெரியும், சும்மா வருது."

"பாடு."

"உங்களுக்கு விசர்." மறுபடி சட்டிக்குத் திரும்பினாள். மறந்த பிறகு, தானாக, லாலாலா.

மேலே தட்டு.

மலர் நிறுத்திவிட்டாள். "பாத்தீங்களே, கிழவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

மறுபடி தட்டு. இரண்டு, மூன்று. சீராக. கோபத் தட்டு இல்லை. எட்டு வருடமாகக் கேட்டவன், எனக்குத் தெரியும்.

"நிப்பாட்டச் சொல்லுறாரோ, பாடச் சொல்லுறாரோ?"

"பாடு."

ஈரக் கையோடு, கூரையைப் பார்த்துக்கொண்டு பாடினாள். தட்டு கூடவே வந்தது. மூன்றாவது அடியில் சட்டென்று ஒரு பெரிய தட்டு. பிழை போல. மலர் அந்த அடியைத் திருப்பி எடுத்தாள், இறக்கத்தைக் கொஞ்சம் தாமதித்து.

தட்டு இல்லை. நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு பியானோ மூடி திறக்கும் சத்தம்.