மருமகள் கட்டையைத் தட்டவில்லை

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உயிரோடும் நல்லபடியாகவும் இருக்கிறோம், உன் மனைவியின் மணிக்கட்டில் மட்டும் இன்னும் கட்டு பிரிக்கவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நாளுக்கு ஒரு தடவை போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் பரவாயில்லைம்மா விடு என்று நீ சொல்லிவிடுவாய், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். அப்படி விடக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். கடைசிவரை படி.

நீ ஆசை ஆசையாக வாங்கிப் பட்டறையில் நிறுத்திவிட்டுப் போன பழைய கார் விழுந்ததே, மருமகள் கட்டையைத் தட்டிவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். அவள் எந்தக் கட்டையையும் தட்டவில்லை. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்து வேறு எங்கேயாவது போய்விடுவேன்.

நடந்தது இதுதான். வண்டிக்கு அடியில் தரை முழுக்கத் துருவேறி ஓட்டையாகிவிட்டது, தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். மல்லாந்து படுத்துப் பற்றவைத்தால் நெருப்புப்பொறி எல்லாம் கழுத்துக்குள்தான் விழும், அதனால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடலாம் என்று நினைத்தேன். பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றி வெளியே வைத்தேன், உள்ளே இருந்த சீட்டு, விரிப்பு எல்லாவற்றையும் எடுத்தேன், தண்ணீரும் மணலும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நெருப்பு விஷயத்தில் உன் அம்மா கெட்டிக்காரிதான். தூக்குகிற விஷயத்தில்தான் புத்தி கெட்டுப்போனேன். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிறதே ஓரம், அதற்கு அடியில் ஜாக்கியை வைத்தேன். அன்றைக்கு மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் விடுப்பு, கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்தாள். குனிந்து அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், பெயிண்டோடு சேர்ந்து இரும்பும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. “அத்தை, இது உள்ளுக்குள்ள பொத்துப்போயிருக்கு, இங்க வைக்காதீங்க. நாங்க பேஷண்டைப் புரட்டும்போது தோளையும் இடுப்பையும் சேர்த்துத்தான் பிடிப்போம், நோவுற கையப் பிடிச்சு இழுக்க மாட்டோம். இதுலயும் கெட்டியான எடம் சக்கரம் மாட்டுற எடம்தானே” என்றாள். எவ்வளவு பதமாகச் சொன்னாள் தெரியுமா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, “இது நோயாளி இல்லம்மா, இரும்பு. நீ போய் ஊசி போடு” என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். முப்பது வருஷமாக வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவளுக்கு இவள் பாடம் எடுக்கிறாளே என்கிற திமிர் கண்ணா, வேறென்ன.

வண்டி முழங்கால் உயரத்துக்கு ஏறியது, முட்டுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்தேன். அடுத்த கட்டையை எங்கே கொடுப்பது என்று பார்க்க நான் தலையை உள்ளே விட்டு இடுப்புவரைக்கும் போய்விட்டேன். மேலே நறநறவென்று ஒரு சத்தம். ஜாக்கியின் தலை அந்த ஓரத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே போகிறது, என் கண்ணெதிரே. மருமகள்தான் என் இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நான் வெளியே வந்து விழவும் வண்டி கட்டையை எற்றிவிட்டு இறங்கவும் சரியாக இருந்தது. அந்தக் கட்டை தெறித்துத்தான் அவள் மணிக்கட்டில் அடித்தது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து தூணில் மோதி இடது கதவு நசுங்கியது.

சத்தம் கேட்டுப் பக்கத்துப் பட்டறைத் தச்சர் ஓடிவந்தார். என்னக்கா ஆச்சு என்று அவர் கேட்டதும், யோசிக்கக்கூட இல்லை, என் வாய் தானாகவே “பொண்ணு தெரியாம கட்டையத் தட்டிட்டா” என்றது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். அன்று சாயந்திரம் அதே பொய்யை உன்னிடமும் சொன்னேன். நீ உடனே அவளைக் கூப்பிட்டுக் கத்தினாய். தெரியாத வேலையில் ஏன் தலையிட்டாய், அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நீ கேட்டது அடுப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. அவள், சரிங்க, சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். நான் அப்போதே உள்ளே போய்ப் போனை வாங்கியிருக்க வேண்டும். போகவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன்.

ஒன்பது நாள் அப்படியே ஓட்டினேன். ஒரு கையால் அவள் தலை பின்னத் தடுமாறுவாள், நான் பின்னிவிடுவேன், வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், பெரிய உபகாரம் செய்கிற மாதிரி. பத்தாம் நாள் வாசலில் தச்சர் அவளை நிறுத்தி, நல்ல மனசோடுதான், “இனிமே அந்தப் பக்கம் போகாதம்மா, ஒங்க அத்தை பொழச்சதே பெரிசு” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். யார் உயிரை யார் காப்பாற்றியது கண்ணா. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. நேராக அவர் பட்டறைக்குப் போய், அவருடைய ஆட்கள் இருக்கும்போதே, தப்பு என்னுடையது, அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, அவள் இழுக்காவிட்டால் நான் இல்லை என்று சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் அந்தப் பெண் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார்.

அதையே வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாமல், “சொன்னா மட்டும் உங்க மகன் யாரை நம்பியிருப்பார் அத்தை?” என்றாள். திரும்பவும் மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வண்டியை நேற்று மறுபடி சாய்த்தோம். அவள் காட்டிய இடத்தில்தான், சக்கரங்களைக் கழற்றிவிட்டு முன்னும் பின்னும் அந்த இடத்திலேயே இரும்புக் குழாயில் செய்த சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கினேன். ஒரு பக்கம் தூக்க ஒரு செயின், தலைகுப்புறப் போய்விடாமல் மறுபக்கம் பிடிக்க ஒரு செயின். தச்சரும் அவருடைய ஆட்களும் பிடித்தார்கள், கட்டுப்போட்ட கையோடு இவள் முன்னால் நின்று ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ண, எண்ணுக்கு ஒரு சாண் என்று வண்டி எழும்பியது. முட்டுக் கொடுத்து, அது நழுவாமல் இரும்பு ஊசி மாட்டியபிறகும் தோளால் முட்டிப் பார்த்துவிட்டு, “இப்பப் போங்க அத்தை” என்றாள். அதன்பிறகுதான் போனேன். பாதித் தரைக்குத் தகடு வைத்தாகிவிட்டது. நசுங்கிய கதவை நானே நிமிர்த்துகிறேன், அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது.

நீ நன்றாக இருக்க வேண்டும், இரண்டு பேரும் மனம் ஒத்து நெடுநாள் வாழ வேண்டும், இதைத்தான் நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். புதன்கிழமை அவளுக்கு விடுப்பு, அன்றைக்குக் கூப்பிடு. அம்மா பொய் சொல்லிவிட்டாள், நான் நம்பிவிட்டேன் என்று என்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. நான் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளிடம் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை நீ கேட்கவே இல்லையே, அது உன் கணக்கு.

வெட்கத்தோடும் ஆசியோடும்,
உன் அம்மா