பத்தாவது சனிக்கிழமை

மே 2, வியாழன்

இன்றும் மழை. பாலத்தைக் கடந்து பல்கலைக்கழகத் தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு காலுறையும் ஊறிவிட்டன. வியாழன் என்றால் ஐந்து மணிக்குப் பேச்சுமேசை. வெளிநாட்டு மாணவர்கள் பன்னிரண்டு பேர், அவர்களுக்குத் துணையாக உள்ளூர்க்காரர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர், நடுவில் பிஸ்கட் தட்டு.

எனக்கு வாய்த்தவள் நோரோ. மடகாஸ்கர்காரி, காட்டியல் படிக்கிறாள். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்பானிஷ் இன்னும் தத்தளிப்பு. எனக்கு நேர்மாறாக. அதனால்தான் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டதாகப் பேச்சுமேசையை நடத்தும் மிர்த்தா மேடம் சொன்னார்.

இந்த வாரக் கேள்வி: ஊரை விட்டு வந்ததில் எது ரொம்பக் குறைகிறது? நோரோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாள். வார்த்தை வரவில்லை. மேசையே கரண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா சமையல்தானே?" என்று நானே முடித்துவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் தலையாட்டினாள். அவள் சொல்ல வந்தது அதுதானா? கேட்கவில்லை.

கிளம்பும்போது திட்டத்தாளை ஞாபகப்படுத்தினாள். பத்து சனிக்கிழமை, பத்து இடம். போன வாரம் முதலாவது: அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் மஞ்சள் மழைக்கோட்டு வாங்கிக்கொடுத்தேன். வழியில் ரொட்டி தின்றோம். "ரொட்டியைச் சாப்பிட்டுட்டு எப்படித் தூக்கம் வருது உங்களுக்கெல்லாம்? சோறு வேண்டாமா?" என்று கேட்டாள். இந்த வாரம் மீன் சந்தை.

"பத்து மணிக்குப் பார்க்கலாம், நான் சொல்றேன்" என்றேன்.

பத்தும் நடந்து, தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் லியோன் போகும் இடத்துக்கு என் பெயரை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரே இடத்துக்கு நானும், என்னைப் போலவே துணைக்கு வந்த பஸ்தியானும் போட்டி. பிரான்சில் ஆறு மாதம். இரண்டு வருடக் கனவு.

மே 4, சனி

போகவில்லை. என் சிநேகிதி பியா வீட்டில் விறகடுப்பு, பூசணி போட்ட பொரித்த ரொட்டி, சீட்டாட்டம். வெளியே கொட்டுகொட்டென்று கொட்டியது.

இரண்டு மணிக்கு நோரோவிடமிருந்து செய்தி: "யஸ்னா, உடம்பு சரியில்லையா?"

ஆமாம், தலைவலி என்று எழுதினேன். பொய்க்கான காரணத்தையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மே 9, வியாழன்

தலைவலிக்கு இஞ்சி கொண்டுவந்திருந்தாள். கைக்குட்டையில் பொதிந்து.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை சந்தை வாசலில் நின்றாளாம். குறையாகச் சொல்லவில்லை. மழைக்கோட்டு நல்ல கோட்டு, உள்ளே தண்ணீர் இறங்கவில்லை என்று பாராட்டினாள்.

பியாவிடம் சொன்னேன். "நீதான் 'சொல்றேன்'னு சொல்லிட்டு வந்தியே! அப்புறம் எவளாவது போய் நிப்பாளா? இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியுமேடி" என்றாள். 'சொல்றேன்' என்றால் வரவில்லை என்று அர்த்தம், இந்த ஊர்க் கைக்குழந்தைக்குத் தெரியும். அவள் இந்த ஊரா? அவளுக்கு இதையெல்லாம் சொல்லித்தரத்தானே என்னைத் துணைக்குப் போட்டிருக்கிறார்கள்.

இஞ்சியை என்ன செய்வது? தூக்கிப்போட மனம் வரவில்லை. மேசைமேல் இருக்கிறது.

மே 11, சனி

நியெப்லா கோட்டை. காலை ஒன்பது மணிக்கு, பரீட்சை இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். பரீட்சை செவ்வாய்தான்.

"சரி" என்று பதில். பக்கத்தில் ஒரு மஞ்சள் பூ.

மே 18, சனி

தாவரவியல் தோட்டம். அத்தை வருகிறார் என்றேன். சரி. பூ.

ஜூன் 1, சனி

வரவில்லை என்று நேற்றே சொல்லிவிட்டேன். அவள் குளித்துக் கிளம்பி நிற்க வேண்டாமே. என்ன ஒரு பெருந்தன்மை எனக்கு!

ஜூன் 8, சனி

பியாவின் காரில் நியெப்லா பக்கம் போனோம். படகுத்துறையில், கொர்ரால் போகும் படகுக்கான வரிசையில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. தனியாக. இன்றைக்கு எங்கள் தாளில் இருப்பதும் கொர்ரால்தான்.

மஞ்சள் கோட்டு ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கும்.

பின்னே ஏன் சட்டென்று குனிந்து செருப்பைத் தேடினேன்? பியா கேட்டாள், "என்னடி, யாருக்கு ஒளியுற?" யாருக்கும் இல்லை என்றேன். குனிந்தபடியே.

ஜூன் 27, வியாழன்

தாளில் கையெழுத்து. பத்து வரி. முதல் வரியைத் தவிர ஒன்பதும் பொய். பத்தாவது இன்னும் வரவே இல்லை, நாளை மறுநாள்: "யஸ்னா வீட்டில் மாலைத் தேநீர்". அதற்கும் சேர்த்தே போட்டுவிட்டோம்.

நான் போட்டேன். பேனாவை நீட்டினேன். நோரோ ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கேட்கப் போகிறாள், இதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பத்து இடத்திலும் போட்டாள். அழகான, வட்டமான எழுத்து.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அம்மாவுக்கு வேலை இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

ஜூன் 29, சனி

சொல்லவில்லை. அம்மா வீட்டில்தான் இருந்தாள். நாங்கள் இருவரும் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டோம். நோரோவிடமிருந்து இன்று செய்தியே வரவில்லை. பூவும் இல்லை.

ஜூலை 4, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

லியோன் இடத்துக்கான நேர்காணல். மிர்த்தா மேடமும் இரண்டு பேராசிரியர்களும். துணைவந்த மாணவி பற்றி வெளிநாட்டு மாணவர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நோரோவையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. கதவைத் திறந்தால் மஞ்சள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தீர்ந்தேன் என்று நினைத்தேன்.

பேச ஆரம்பித்தாள். ஸ்பானிஷில். பதினைந்து நிமிடம். பேச்சுமேசையில் ஒரு வாக்கியத்துக்குத் திணறிய அதே நோரோ!

சந்தைக்கு மீன் தின்னத் தண்ணீரிலிருந்து ஏறிவரும் கடற்சிங்கங்களில் காது கிழிந்தது ஒன்று இருக்கிறதாம். மீன் வெட்டும் எலியானா அக்கா அதற்கு மட்டும் தலைகளைத் தனியாக எடுத்துவைப்பாராம். "அந்தத் தடிமாடு நன்றிகெட்டது, அக்கா கையையே கடிக்கப் பார்த்துச்சு" என்றாள், சந்தை ராகத்திலேயே. ஒரு பேராசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யஸ்னா, இதையா சொல்லிக்கொடுத்தீங்க?"

நியெப்லாவில் காற்று குடையைத் திருப்பிப் போட்டதைச் சொன்னாள். தோட்டத்தில் இருந்த ஒரு மரம் அவள் ஊர் மரத்துக்குத் தூரத்துச் சொந்தமாம், அதைத் தொட்டுப் பார்த்ததைச் சொன்னாள். கொர்ராலில் படகுக்காரர் கூலி வாங்க மறுத்ததைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் "நாங்க". நாங்க போனோம், நாங்க நனைஞ்சோம், நாங்க சிரிச்சோம். தாளில் இருந்த தேதி மாறாமல், வரிசை மாறாமல்.

அவள் போயிருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும். தனியாக.

"கடைசியா யஸ்னா வீட்டுக்குப் போனீங்களே, அது எப்படி?" என்று மிர்த்தா மேடம் கேட்டார்.

நோரோ கோட்டின் பொத்தானைத் திருகினாள். "அது அவங்க வீடு. வீட்டு விஷயத்தை வெளியில சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க."

மூவருக்கும் அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது.

பிறகு அந்தப் பேராசிரியர் என்னிடம் பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டார். பாதியில் வார்த்தை மறந்து நின்றேன். நோரோவுக்கு அந்த வார்த்தை தெரியும். என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். முடித்துவைக்கவில்லை. நானே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

வெளியே நடைபாதையில் பிடித்து நிறுத்தினேன். "எதுக்கு இப்படிப் பேசின? என்னைக் காப்பாத்தவா?"

"உனக்காகப் புதுசா எதுவும் சொல்லலை. இதையெல்லாம் எங்கம்மாகிட்ட வாராவாரம் ஃபோன்ல சொல்லியிருக்கேன்."

"எதை?"

"யஸ்னான்னு ஒரு தோழி இருக்கா, சனிக்கிழமையானா என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போவான்னு. இல்லேன்னா அம்மா அங்க தூங்க மாட்டாங்க. போகாம போனேன்னு சொல்ல எனக்கு வராது. அதனால போனேன். வந்து சொன்னேன்." கோட்டை மாட்டிக்கொண்டாள். "போன சனிக்கிழமை மட்டும்தான் ஒண்ணும் சொல்ல முடியலை. உங்க வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

போகிற போக்கில் திரும்பிச் சொன்னாள்: "எங்கம்மா உன்னை நல்லா இருக்காளான்னு கேட்டாங்க."

ஜூலை 5, வெள்ளி

எனக்கு வேலை இருந்ததே இல்லை. ஒரு நாளும். அவள் வார்த்தை தேடும் நேரம் எனக்கு அலுப்பு, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. என் பிரெஞ்சு எவ்வளவு மோசம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். சீ! என்ன பொண்ணுடீ நீ.

ஜூலை 11, வியாழன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். லியோன்: யஸ்னா ஓயார்சோ. பியா கட்டிப்பிடித்துக் கத்தினாள். அம்மா அழுதாள்.

அடுத்து இருந்தது பஸ்தியான் பெயர். அவன் தன் டச்சுக்காரப் பையனைப் பத்து வாரமும் உண்மையிலேயே கூட்டிக்கொண்டு அலைந்தவன். வந்து கைகொடுத்தான். "உன் நோரோ மாதிரி எவனும் பேச்சுல முன்னேறலைப்பா. நீதான் சரியான ஆள்" என்றான்.

மேசைமேல் இஞ்சி காய்ந்து சுருங்கிவிட்டது.

ஜூலை 15, திங்கள்

மிர்த்தா மேடத்திடம் சொல்லிவிட்டேன். முதல் சனிக்கிழமை தவிர ஒன்றுக்கும் நான் போகவில்லை என்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு கையெழுத்தும் இருக்கே?"

"வருகைப் பதிவுன்னு சொல்லி வாங்கினேன். அவளுக்கு அப்போ ஸ்பானிஷ் படிக்க வராது."

இன்னொரு பொய். விரல் வைத்துப் படித்தவள் அவள். மேடமும் நம்பவில்லை, ஆனால் தோண்டவில்லை. "சரி. அவ பேர் இதுல வராது" என்றார். பிறகு, "உன்னை நம்பித்தான் அந்தப் பிள்ளையை உன்கிட்ட விட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இடம் பஸ்தியானுக்கு. வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பில் விறகை வைத்தபடி, "அந்தப் பொண்ணை ஒரு தடவைகூட வீட்டுக்குக் கூப்பிடலையா நீ?" என்று கேட்டாள். லியோனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 20, சனி

பத்து மணிக்கு மீன் சந்தை. மழை. வாசலில் கொஞ்சம் நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

கடைசிக் கடையில் நோரோ. சிப்பி சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கத்தியோடு ஒரு பெண்மணி, எலியானா அக்காதான். காது கிழிந்த கடற்சிங்கமும் கீழே படுத்திருந்தது. எல்லாம் அவள் சொன்ன மாதிரியே.

"யாருடி இது, மூஞ்சி வெளுத்துப்போய் நிக்குறா? மீன் வேணுமாம்மா?" என்றார் அக்கா.

நோரோ நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"பேச்சுமேசைக்கு வர்ற பொண்ணு, அக்கா" என்றாள்.

அவ்வளவுதான் நான். தோழி என்று அவள் அம்மாவுக்குச் சொன்ன பொய்கூட இங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இடத்தை விட்டுவிட்டேன் என்றேன். சிப்பியை வாளியில் போட்டாள்.

"எனக்காகவா சொன்ன?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

அடுத்த சிப்பியை எடுத்தபடி அவளே சொன்னாள்: "உனக்காகத்தான். நல்லதுதான். ஆனா எனக்காகன்னு வந்து சொல்லாதே."

"இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு வரியா? நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நிஜமா."

"இல்ல யஸ்னா. வரலை." இவ்வளவு நேராக இந்த ஊரில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. "அக்கா வீட்ல சனிக்கிழமை சோறு ஆக்குறோம்."

"அடுத்த வாரம்?"

"இப்ப கேட்டா இப்பவும் இல்லைன்னுதான் சொல்வேன்."

சிப்பி மூடிவைத்திருந்த காகிதத்தில் விலாசத்தை எழுதினேன். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், பச்சைக் கதவு. சனிக்கிழமை ஆறு மணிக்கு எப்போதும் வீட்டில் இருப்பேன் என்று எழுதினேன். ஈரக்கையோடு வாங்கிக் கோட்டுப் பையில் வைத்தாள். படிக்கவில்லை.

ஜூலை 27, சனி

நானே சோறு ஆக்கினேன். கொஞ்சம் குழைந்துவிட்டது. ஆறு மணிக்கு மூன்று தட்டு வைத்தேன்.

எட்டு மணிக்கு அம்மா மூன்றாவது தட்டை எடுக்க வந்தாள்.

"வரேன்னு சொன்னாளா?"

"இல்லை."

"பின்ன எதுக்குடி ரெண்டு மணி நேரமா வாசலையே பார்த்துட்டிருக்க?"

தட்டை அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப மேசையில் வைத்தேன். சோற்றை மூடி அடுப்போரம் நகர்த்தினேன்.