மெட்டடாரில் ஏற்றிய வீடு

4.1.1988, திங்கள்

வண்டி வந்துவிட்டது. மில்லில் ஏலம் போட்ட பழைய மெட்டடார் வேன். பட்டாளத்தை விட்டு வந்தபின் மில்லில் பத்து வருஷம் இவரே ஓட்டிய வண்டி. அதையே வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை மாதிரி இறங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பலகைக் கட்டில் போடப் போகிறாராம். நாலு மாதப் பயணம். ஜபல்பூர், அலகாபாத், ராணிக்கேத்... பட்டாளத்தில் இவர் லாரி ஓட்டிய ஊர்கள் ஒன்று விடாமல். அப்போதெல்லாம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், கையில் பிள்ளை. கூடப் போக முடியவில்லை.

இப்போது நானும் ரிட்டயர்டு. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

9.1.1988

இன்று சண்டை. நல்ல சண்டை.

கூடத்துத் தரையில் சாக்பீஸால் வண்டியின் அளவைக் கோடு போட்டார். "ஏட்டி தங்கம், இந்தக் கோட்டுக்குள்ள எம்புட்டு அடங்குதோ அம்புட்டுதான் நம்ம வீடு" என்றார். நான் வைத்தது: ஸ்டவ், இட்லிக் கொப்பரை, சின்ன அம்மி, வத்தல் டப்பா, கருப்பட்டி, கம்பளி. இவர் வைத்தது: டூல்ஸ் பெட்டி, ஜாக்கி, தண்ணீர் கேன், இரண்டு மடக்கு நாற்காலி, கேரம் போர்டு.

"கேரம் போர்டு எதுக்கு?"

"அம்மி எதுக்கு?"

அம்மியை நானே தூக்கி வெளியே வைத்தேன். கேரம் போர்டு கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. பார்ப்போம்.

12.1.1988

வண்டிக்குத் திரைச்சீலை தைத்தேன். திரை முழுக்கப் பை. சோப்புக்கு ஒன்று, தீப்பெட்டிக்கு ஒன்று, மூக்குக் கண்ணாடிக்கு இரண்டு. பதினெட்டுப் பை! ஒரு பெட்டி குறைந்தது. இவர் ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தார். டார்ச் லைட்டைக் கொண்டுவந்து ஒரு பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

18.1.1988, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். மகள் ரத்தினமும் வந்தாள். அவள் வீடு அங்கேதான், மடவார் வளாகத்தில்.

தினமும் நான் போடும் இன்சுலின் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது. வண்டியில்? இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

டாக்டரம்மா, "பிரிட்ஜ் இல்லாம நாலு மாசமா? மருந்து கெட்டுப்போனா பார்த்தாத் தெரியாது டீச்சர். போட்டுக்கிட்டே இருப்பிய, சுகர் ஏறிக்கிட்டே இருக்கும்" என்றார்.

ரத்தினம் வெளியே வந்து அழுதாள். "அப்பாவுக்கு ஆசைன்னா அவிய மட்டும் போகட்டும். நீ எதுக்கும்மா?"

பஸ்ஸில் ஊர் வரும்வரை இவர் சட்டைப் பையில் கிடந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டே வந்தார்.

19.1.1988

காலையில் எழுந்து பார்த்தால் கூடத்தில் கோடு இல்லை. ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். சாமானெல்லாம் பழைய இடத்தில். "வண்டியை வித்துருதேன்" என்றார், சாதாரணமாக.

எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? சீக்கு எனக்கு. போறதா வேண்டாமான்னு நாந்தானே சொல்லணும்? அப்பாவும் மகளும் சேர்ந்து என்னைப் பீங்கான் மாதிரி அலமாரியில எடுத்து வச்சிட்டாக.

சாப்பிடக் கூடாது என்று இருந்தேன். ஊசி போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும்; சாப்பிட்டேன்.

21.1.1988

பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே. மருந்து இருக்காதா?

சந்தையில் ஒரு பெரிய பானை, அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு சின்னப் பானை. நடுவில் ஆற்று மணல் போட்டு நனைத்தேன். மேலே ஈரச்சாக்கு. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போய் சயின்ஸ் வாத்தியார் சௌந்தரபாண்டியனிடம் தெர்மாமீட்டர் கேட்டேன். "எதுக்கு டீச்சர்?" என்றார். "இட்லி மாவு புளிக்க வைக்க" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

உள்ளே காலி மருந்துப் புட்டியில் தண்ணீர். மத்தியானம் வெளியே 32 டிகிரி. உள்ளே 23!

27.1.1988

ஏழு நாள், நாளுக்கு மூன்று தடவை பார்த்து எழுதிவிட்டேன். ஒரு தடவைகூட 25ஐத் தாண்டவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் போனேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சிரித்துவிட்டார். "எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியளா?" மூன்று நிபந்தனை போட்டார். 25 டிகிரிக்குள் இருந்தால் மருந்து ஒரு மாதம்தான் தாங்கும்; அதனால் ஒரே தடவையில் மொத்த மருந்தையும் கொண்டுபோகக் கூடாது, பெரிய ஊர்களில் புதிதாக வாங்க வேண்டும். தினமும் சிறுநீரைச் சோதனைக்கான நீலத்தண்ணீரில் கொதிக்கவைத்துச் சுகர் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சுகர் இல்லை; செங்கல் நிறத்துக்கு மாறினால் அன்றே அந்த ஊர் டாக்டர். மூன்றாவது, வண்டி ஓடும்போதும் பானை தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து நோட்டை இவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுதும் படித்தார். எழுந்து போய் சாக்பீஸ் எடுத்துவந்தார்.

31.1.1988, ஞாயிறு

ஆலங்குளம் ரோட்டில் ஓட்டம் பார்த்தோம். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு, பள்ளத்துக்கு நடுவில்தான் ரோடு. மூன்றாவது மைலில் டமார். பானை இரண்டு பிளவு. மணலெல்லாம் இட்லிக் கொப்பரைக்குள்!

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இவர் வண்டியை ஓரம் கட்டி, உடைந்த பானையைச் சுற்றிச் சுற்றி வந்தார், இஞ்சினைப் பார்க்கிற மாதிரி. "பானை மேல தப்பில்லட்டி. கீழ ஸ்பிரிங் இல்ல."

3.2.1988

பழைய டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன் குழியில் வைக்கோல் பரப்பி, புதுப் பானையை உட்கார வைத்து, நாலு பக்கமும் கயிற்றால் கட்டினார். மறுபடியும் அதே ரோடு. போக வர அசையவே இல்லை. உள்ளே 24.

ஆனால் டயர் பிடித்த இடத்துக்கு எதையாவது இறக்க வேண்டுமே. நான் கொப்பரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவர் கேரம் போர்டையும் ஒரு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

"நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, எப்படி?"

"செத்த நேரம் நீ, செத்த நேரம் நான்."

10.2.1988

கிளம்பிவிட்டோம். ரத்தினம் முறுக்கு டின்னோடு வந்தாள். வைக்க இடமில்லை என்றேன். "மடியில வச்சுக்கோ" என்று ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டு, அப்பாவிடம், "பைய ஓட்டுங்க" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன், தெரு முனை வரைக்கும்.

23.2.1988, நாகபுரி

வெயில். பானை 24. சுகர் இல்லை.

24.3.1988, ராணிக்கேத்

இங்கே மலைக்குளிர், எல்லாம் தலைகீழ். குளிரில் மருந்து உறைந்தாலும் கெட்டுவிடுமாம். அதனால் புட்டியைத் துணியில் சுற்றி என் போர்வைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

சீக்காளி என்று எல்லோரும் பயந்தது என்னைப் பற்றி. மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தது இவர். பட்டாளத்துக்காரர், இரண்டு கம்பளிக்குள் குழந்தை மாதிரி. சுக்குக் கஷாயம், கஞ்சி, ஆஸ்பத்திரி என்று எல்லாம் நான்தான். எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தையில் மருந்துக் கடைக்காரரிடம் பேரம்கூடப் பேசினேன்.

இன்று காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. எனக்குச் சுகர் பார்த்தேன்: நீலம் நீலமாகவே இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தால் எதிரே மலை. மேகம் இல்லை. பனி முழுக்க ரோஜா நிறம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து குரல். "எப்படி இருக்கு?"

"நான் சொல்ல மாட்டேன். எந்திரிச்சு வந்து பாருங்க."

கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். வேலை பார்த்த காலத்தில் இந்த மலையை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை, ரோட்டைத்தான் பார்த்தேன் என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்குத் திரும்ப என்னைக்குன்னு தேதி போட்டோம்?" என்று கேட்டார்.

மறந்துபோச்சு என்றேன். பொய்தான்.