மரத்தரை ஓரத்தில் ஒரு விரல் உயரம்

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

கால் எப்படி இருக்கிறது? உன் தங்கை வீட்டில் வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுகிறாயா? நீ தடுக்கி விழுந்த சமையலறைத் தரைக்கு நானே டைல்ஸ் போடுகிறேன். இனி மேடு பள்ளம் இருக்காது. பத்து நாள் கழித்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் வாத்தியார்

மார்ச் 22

அன்புள்ள வாத்தியாருக்கு,

வீக்கம் வற்றிவிட்டது. பாதத்தைத்தான் தூக்க வரவில்லை, இழுத்து இழுத்து நடக்கிறேன். முதலில் பத்து நாள் என்றீர்கள். அப்புறம் போனில் சிமெண்ட் காயட்டும் என்றீர்கள். நேற்று ஒரே தூசி என்றீர்கள். "அத்தானுக்குத் தனியா இருக்கப் பிடிச்சுப்போச்சு போல. நீ இங்கேயே இருந்துடுக்கா" என்று தங்கை கேலி செய்தாள். அவள் எதிரில் சிரித்துவிட்டேன். காலை இழுக்கிறவள் பாரம்தான். வேண்டாம் என்றால் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 25

அன்புள்ள உனக்கு,

படித்ததும் கூசிப்போனேன். தூசி என்றது பொய். கரும்பலகையில் சில பிள்ளைகள் பெரிய எழுத்தில் தொடங்கி, ஓரம் வந்ததும் இடமில்லாமல் முழிப்பார்களே, நானும் அப்படித்தான் முழித்தேன். ஜன்னல் பக்கம் மட்டம் பார்த்துத் தொடங்கினேன். கூடத்தை நோக்கித் தரை தாழ்ந்துகொண்டே போனது, நானும் கலவையைக் கொட்டி நிரப்பிக்கொண்டே வந்தேன். கூடத்து மரத்தரையைத் தொட்டபோது டைல்ஸ் ஒரு விரல் உயரம் தூக்கி நிற்கிறது. ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தேன், பக்கத்துப் பலகையும் சிராய்த்துக்கொண்டது.

நீ இழுத்து வைக்கும் கால் சரியாக அங்கேதான் இடிக்கும். உனக்காகப் போட்ட தரை உன்னையே உள்ளே விடாது. விடையைச் சரிபார் என்று ஆயுசு முழுக்கக் கத்தியவன் இதை எந்த முகத்தோடு காட்டுவேன்? அதனால்தான் நாளைக் கடத்தினேன். நீ பாரம் என்று ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. நம்புவாயா?

உன் வாத்தியார்

மார்ச் 29

அன்புள்ள வாத்தியாருக்கு,

எனக்கும் வெட்கமாக இருக்கிறது. "சரி, இருந்துடறேன்" என்று தங்கையிடம் சொல்லி, பெட்டியைக் காலி செய்து துணிகளை அவள் அலமாரியில் வைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்ததும் திரும்ப அடுக்கினேன். பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இனி எதையும் பெயர்க்காதீர்கள். ஓரத்தில் சரிவாக ஒரு மரச்சட்டம் வைத்தால் போதும். எவ்வளவு சரிவு என்று பார்க்க என் கால் வேண்டும், அதனால் தச்சரை நான் வந்த பிறகு கூப்பிடுங்கள். சனிக்கிழமை வருகிறேன்.

சட்டம் வைக்கும்வரை நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். டீ அந்த விளிம்பைத் தாண்டித்தான் வர வேண்டும். சிந்தாமல் கொண்டுவாருங்கள்.

உங்கள் மனைவி