சீரியல் நம்பர் மேல் ஒரு பொட்டு

ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிய கோமளவல்லி, அமெரிக்காவில், பேர்லேண்ட் வீட்டு ஃப்ரிட்ஜில் கணவனுக்கு ஒட்டிவிட்டுப் போன சீட்டு:

என்னங்க,

நாலு மணிக்கு இன்சூரன்ஸ்காரர் வர்றார். உங்க துப்பாக்கி ரெக்கார்டைப் பார்க்கணுமாம். காலையில அந்த ஃபைலைப் புரட்டிட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன். எது எங்க வாங்கினதுன்னு அழகா டைப் பண்ணியிருக்கீங்க. ஆனா போட்டோ எல்லாம் ஆயுத பூஜை அன்னைக்கு எடுத்ததா? ஒவ்வொண்ணுலயும் சீரியல் நம்பர் மேலயே சந்தனம், குங்குமம்! பொட்டு வைக்க வேற இடமே கிடைக்கலையா? அந்த மனுஷன் எதைப் படிப்பார்?

நல்லா துடைச்சு, திரும்ப போட்டோ எடுங்க. டைனிங் டேபிள்ல மட்டும் பரப்பாதீங்க. ரசம் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. அப்பளம் பொரிச்சு டப்பால வச்சிருக்கேன். அவருக்கும் காபி குடுங்க.

- கோமளா

இன்னொண்ணு. ரெக்கார்டுல அஞ்சுதான் இருக்கு. சாமி முன்னாடி வரிசையா வச்சு எடுத்த போட்டோல ஆறு இருக்கு. இனிமே வாங்கவே மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு, நான் டூட்டிக்குப் போன நேரமா பார்த்து, சரஸ்வதிகிட்ட மட்டும் காட்டியிருக்கீங்க.